எம்.எஸ். போறவங்க பொட்டிபுரம் பக்கமும் ஒரு தடவை பாருங்க

ஃபைனல் இயர் வந்தாச்சு. ஹாஸ்டல்ல இப்போ ரெண்டே பேச்சுதான்: ப்ளேஸ்மென்ட், இல்லன்னா எம்.எஸ். எம்.எஸ்.னு யாராவது ஆரம்பிச்சா உடனே ரேங்கிங் லிஸ்ட்டைத் திறந்துடுவோம். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்னா உசத்தி, சின்ன காலேஜ்னா மட்டம். நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். என்னை யோசிக்க வச்சது எங்க போடி பக்கத்துல இருக்குற பொட்டிபுரம்.

அங்கே மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுமார் 1,500 கோடி ரூபாய் திட்டம். மலையைக் குடைந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே 50,000 டன் காந்த இரும்புக் கருவி. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் இதை முன்னின்று நடத்தியது.

அப்போ நான் ஸ்கூல் பையன். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்ல போயிட்டு வர்ற எங்க அம்மாச்சி கேட்டாங்க: "ஏப்பா, இங்கிலீஷ் ஸ்கூல்லதான படிக்கிற? மலைக்குள்ள என்னத்தப்பா வைக்கப் போறாங்க?" தெரியலன்னு சொல்லிட்டேன். போன லீவுல மறுபடியும் கேட்டாங்க. "சார்ஜ் இல்லாத பார்ட்டிகிள் அம்மாச்சி"ன்னு ஆரம்பிச்சேன். ரெண்டாவது வரி வரல. மூணு வருஷ இன்ஜினியரிங் படிப்பு அந்தத் திண்ணையில கவுந்துடுச்சு.

திட்டம் வேணுமா வேண்டாமாங்கிறது வேற கட்டுரை. தண்ணீர், காடு, பாறை உடைப்பு பற்றி மக்களுக்குக் கேள்விகள் இருந்தன. வழக்குகள் நடந்தன. 2022-இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைச் சொன்னது. விஞ்ஞானிகள் ஊருக்கு வந்து பேசத்தான் செஞ்சாங்க. ஆனா ரெண்டு பக்கத்தையும் புரிஞ்சு நடுவுல நின்னு பேச, எங்களை மாதிரி உள்ளூர்ப் பிள்ளைங்க தயாரா இல்ல. அதுக்கான பயிற்சி நமக்கு எங்கேயும் கிடைக்கல.

அமெரிக்காவில் 'லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்'னு ஒரு வகை உண்டு. மாணவர்கள் குறைவு, பெரும்பாலும் இளநிலைப் படிப்பு மட்டும்தான். ப்ரொஃபசரே நேரா வகுப்பெடுப்பார். இயற்பியல் படிக்கிறவரும் வரலாறு, தத்துவம் படிச்சு நிறைய எழுதணும். அயோவா மாநிலத்துச் சோளக்காட்டு ஊர் ஒன்றில் இருக்கும் கிரின்னல் அப்படி ஒரு காலேஜ். டிரான்சிஸ்டர் கண்டுபிடிச்ச கொஞ்ச நாளிலேயே அங்கே கிரான்ட் கேல் என்ற இயற்பியல் ஆசிரியர் அதைக் கேட்டு வாங்கி மாணவர்களிடம் காட்டினார். அந்த மாணவர்களில் ஒருத்தர் ராபர்ட் நாய்ஸ். பிறகு எம்.ஐ.டி. போய் 1953-இல் பி.எச்டி. முடிச்சார், 1968-இல் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரானார். 1989-இல் வேதியியல் நோபல் வாங்கிய தாமஸ் செக்கும் கிரின்னல் மாணவர்தான். அவர் பி.எச்டி. செஞ்சது பெர்க்லியில்.

ரெண்டு பேருமே சின்ன காலேஜ்ல கேள்வி கேட்கக் கத்துக்கிட்டு, பெரிய இடத்துக்கு ஆராய்ச்சிக்குப் போனவங்க. பெரிய பல்கலைக்கழகத்தை நான் குறை சொல்லல. 50,000 டன் கருவியை ஒரு குட்டி காலேஜ் கட்ட முடியாது. அந்தச் சின்ன காலேஜ்களில் ஃபீஸும் அதிகம், பலதுல எம்.எஸ்ஸே கிடையாது. அதனால நாம போகப் போறது பெரிய இடத்துக்குத்தான். என் கவலை, முதல் படியை ஏறாமலே ரெண்டாவது படிக்கு அப்ளை பண்றோமேங்கிறது.

இணைப்புக் கல்லூரியில படிக்கிற நமக்கு சிலபஸும் கேள்வித்தாளும் எங்கேயோ இருந்து வருது. பெரிய இடத்து லேபும் இல்ல, சின்ன இடத்து உரையாடலும் இல்ல. இதுக்கு மாற்று நம்ம பக்கத்துலேயே இருக்கு. 1881-இல் தொடங்கிய மதுரை அமெரிக்கன் கல்லூரி 1978-இல் தன்னாட்சி வாங்கி, பாடத்தைத் தானே வகுக்க ஆரம்பிச்சது. காலேஜ் மாறுற வரைக்கும் நாம காத்திருக்க வேணாம். வாரம் ஒரு சாயங்காலம் பத்து பேர் உட்கார்ந்து, அவங்கவங்க ப்ராஜெக்டைத் தமிழ்ல விளக்கிப் பார்க்கலாம். எஸ்.ஓ.பி. எழுதவும் அது உதவும்.

அடுத்த லீவுக்கு நான் தயார் பண்ணி வச்சிருக்கேன்: "அம்மாச்சி, தூசியை விடப் பல கோடி மடங்கு சின்னது ஒண்ணு வானத்துல இருந்து வருது. இப்பவும் நம்மளைத் துளைச்சிட்டுப் போகுது. மத்ததெல்லாம் பாறையில நின்னுடும், இது மட்டும் மலையையும் தாண்டி வரும். அதைத் தனியா பார்க்கத்தான் மலை கேட்டாங்க."

அடுத்து அவங்க என்ன கேட்பாங்கன்னும் தெரியும்: "சரிப்பா, நம்ம தண்ணிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" அதுக்கும் படிச்சிட்டுத்தான் போகணும்.