கீழ் பர்த் யாருக்கு?

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரு குடும்பத்துக்கு டிக்கெட் போடும்போது நம் தொழில்காரர் யாரும் எடுத்த எடுப்பில் பட்ஜெட் கேட்பதில்லை. "பெரியவங்க யாராவது வர்றாங்களா? வயசு என்ன?" என்றுதான் ஆரம்பிப்பார். அறுபது கடந்த ஆணுக்கும் நாற்பத்தைந்து கடந்த பெண்ணுக்கும் கீழ் பர்த் ஒதுக்கீடு உண்டு; ஆனால் தனியாகவோ இருவராகவோ போட்ட டிக்கெட்டுக்குத்தான் அது பொருந்தும். ஆறு பேரை ஒரே பிஎன்ஆரில் போட்டால் பாட்டி அப்பர் பர்த்தில் ஏறவேண்டி வரலாம். ஆகவே தாத்தா பாட்டிக்கு ஒரு டிக்கெட், மற்றவர்களுக்குத் தனி டிக்கெட். இது கரோல் பாகில் ஒற்றை மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் முகவருக்கும் தெரிந்த வித்தை.

அதே முகவரிடம் அதே குடும்பம் சொகுசுக் கப்பல் பயணம் கேட்டு வரட்டும். "எத்தனை பேர், என்ன பட்ஜெட், பால்கனி வேணுமா?" என்று பேச்சு மாறிவிடுகிறது. இரண்டு இரவு ரயிலுக்கு இருந்த அக்கறை நான்கு இரவுக் கப்பலுக்கு இல்லாமல் போவது ஏன்?

ஒரு காரணம் தில்லிதான். இந்த ஊரில் அரசு ஊழியருக்கு வீடே பதவிக்கு ஏற்றபடி ஒதுக்கப்படும். சம்பள நிலை இன்னதென்றால் டைப் நான்கு, அதற்கு மேலென்றால் டைப் ஐந்து. எல்டிசி போகும்போது எந்த வகுப்பு என்பதையும் சம்பள நிலையே சொல்லிவிடும். ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் வளர்ந்த பிள்ளைகள் குருகிராமிலோ நியூஜெர்சியிலோ சம்பாதித்து, அப்பா அம்மாவைக் கப்பலில் கூட்டிப் போக வரும்போது அந்தக் கணக்கையும் மறக்காமல் கொண்டுவருகிறார்கள். அப்பாவுக்கு சூட், எங்களுக்கு பால்கனி, பசங்களுக்கு உள் கேபின். மரியாதை குறையாத பட்டியல்தான். நாமும் கமிஷனை மனத்தில் வைத்துத் தலையாட்டுகிறோம்.

நானும் ஆட்டியிருக்கிறேன். ஏஜென்சி நடத்திக்கொண்டிருந்த நாளில், சதாபிஷேகம் முடிந்த கையோடு ஒன்பது பேராகச் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறிய ஒரு குடும்பத்துக்கு நான்தான் அறை போட்டேன். பெரியவருக்கு உச்சித் தளத்தில், முன்பக்கத்தில் சூட். மகன், மகள், பேரக்குழந்தைகளுக்கு நான்கு தளம் கீழே, நடுப்பகுதியில். இரண்டாம் இரவு கடல் கொஞ்சம் புரண்டது. பாத்ரூம் வாசலில் உயர்ந்திருந்த தடுப்பில் கால் இடறி அம்மா விழுந்தார். அறைத் தொலைபேசியில் மகனை எப்படி அழைப்பது என்று பெரியவருக்குத் தெரியவில்லை. வேட்டியோடு நடைபாதை முழுக்க நடந்து, லிஃப்ட் பிடித்து, எண் மறந்து, இரண்டு தவறான கதவுகளைத் தட்டிய பிறகு மகன் கிடைத்தார். நல்லவேளை, எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஊர் திரும்பியதும் அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "எங்களை ஏம்பா அவ்வளவு தூரத்துல போட்டே?" கப்பல் நிறுவனத்தின்மேல் பழி போட அதில் ஒன்றும் இல்லை. அறையைத் தேர்ந்தவன் நான்.

கப்பலின் ஆட்டம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. முன்னும் பின்னுமாக அது ஊஞ்சலாடும்போது முனைகள்தான் அதிகம் ஏறி இறங்கும். பக்கவாட்டில் சாயும்போது உயரே இருப்பவருக்கே வீச்சு அதிகம். நடுவில், கீழ்த் தளங்களில் அசைவு குறைவு. ஆனால் விலைப்பட்டியல் நேர்மாறாக ஏறுகிறது. சூட்கள் பெரும்பாலும் மேல் தளங்களில்தான். அதிகப் பணம் கட்டி அதிக ஆட்டம் வாங்குகிற விசித்திரம் இது. தலைசுற்றலுக்கு மாத்திரை எடுக்கும் எழுபத்தெட்டு வயதுக்காரரை உச்சியில் வைப்பது மரியாதையாகாது.

சூட் வேண்டாம் என்றதும் பெரியவர்களை உள் கேபினில் தள்ளிவிடவும் கூடாது. அங்கே சன்னல் இல்லை. விளக்கை அணைத்தால் பகலும் இரவும் ஒன்று. நினைவு தடுமாறத் தொடங்கிய முதியவர் அந்த இருட்டில் விழித்தால் மணி நான்கா பத்தா, தான் இருப்பது வீடா ஆஸ்பத்திரியா என்று குழம்பிப்போவார். அதே இருட்டு, பகலில் இரண்டு மணிநேரம் தூங்கவேண்டிய கைக்குழந்தைக்கு வரம். கல்லூரிப் பிள்ளைகளோ அறைக்கு வருவதே உடை மாற்றத்தான். வெளிச்சம் யாருக்கு என்று பார்த்தால், பகலில் அறையில் அதிக நேரம் இருக்கப்போகிறவருக்கு. லட்சத்தீவுப் பக்கம் கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட, பயணிகள் சிறு படகில் இறங்கித்தான் தீவுக்குப் போகவேண்டும். அசையும் படகில் கால்வைக்கத் துணியாத பாட்டிக்கு அன்றைய பகல் முழுவதும் கேபின்தான் உலகம். அவருக்கு நடுத்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், ஒரு சன்னலோ சிறு பால்கனியோ இருக்கட்டும்.

(சந்தியாவந்தனம் செய்யும் தாத்தாவுக்காக ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து தெற்கே போகும்போது கிழக்கு இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். மும்பையிலிருந்து தெற்கே போனால் வலப்பக்கம் திறந்த கடலும் அஸ்தமனமும். இதைச் சொல்லி விற்றுப் பாருங்கள், வாடிக்கையாளர் உங்களை மறக்கமாட்டார்.)

இந்தியக் கரையிலிருந்து போகிறவர்களுக்கு இன்று கைக்கெட்டும் கப்பல் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ். 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது; ஐஆர்சிடிசியும் அதன் பயணங்களை விற்றது. தில்லிப் பள்ளிகளுக்கு விடுமுறை மே பாதியிலிருந்து ஜூன் முடியும்வரை. அந்த ஜூனில்தான் மேற்குக் கரையில் பருவமழை இறங்குகிறது. அதனால் மழைக்காலத்தில் கப்பலைக் கிழக்குக் கரைக்குத் திருப்பினார்கள். 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். அடுத்த ஆண்டு ஜூனில் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைத் துறைமுகங்களையும் தொட்டது. தில்லித் தமிழ்க் குடும்பத்துக்கு இது தோதான ஏற்பாடு. விமானத்தில் சென்னை, மயிலாப்பூரில் பெரியம்மா வீட்டில் ஓர் இரவு, மறுநாள் துறைமுகம்.

ஆனால் அந்தக் கப்பலின் பூர்வீகம் தெரியாமல் அதில் அறை விற்கக் கூடாது. 1990இல் பிரான்சின் சான் நசேர் தளத்தில் ராயல் கரீபியனுக்காக 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கட்டப்பட்டது. மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று, நான்கு இரவு போய்வரவென்றே திட்டமிட்ட கப்பல். மூன்று இரவுக்கு வருகிறவன் அறையில் என்ன செய்யப்போகிறான் என்று கேபின்களைச் சிறிதாகவே அமைத்தார்கள். அளவு ஏறத்தாழ 48,500 கிராஸ் டன். பால்கனி வைத்த அறைகள் கொஞ்சம்தான். பெரும்பாலானவை உள் கேபின்கள் அல்லது திறக்காத சன்னல் வைத்தவை. பல அறைகளில் மூன்றாவது, நான்காவது ஆள் சுவரிலிருந்து இறங்கும் மேல் பர்த்தில் ஏறவேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஜென்டிங் டிரீம் 2016இல் கட்டியது. ஒன்றரை லட்சம் டன். பத்தில் ஏழு அறைக்குப் பால்கனி. இரண்டையும் 'பால்கனி', 'ஓஷன் வியூ' என்ற ஒரே சொல்லால் விற்கிறோம். நால்வர் கேபின் என்று எழுதியிருப்பது நால்வருக்கும் கட்டில் உண்டு என்பதற்கு உத்தரவாதம். நால்வரும் ஒரே நேரத்தில் பெட்டியைத் திறக்க முடியும் என்பதற்கு அல்ல. ஆறு பேர் குடும்பத்துக்கு நான்கும் இரண்டுமாகப் பிரிப்பதைவிட இரண்டு இரண்டாக மூன்று அறை எடுப்பது பல நேரம் புத்திசாலித்தனம். பாத்ரூம் மூன்று கிடைக்கும். காலை ஆறு மணிக்கு அதன் அருமை தெரியும்.

பாத்ரூம் பேச்சு வந்துவிட்டது; இதழில் இதுவரை இதைப் பற்றி ஒரு வரி கூட நாம் எழுதாதது குறைதான். பழைய கப்பல்களில் வாசல் தடுப்பு உயரமாக இருக்கும். ஷவர் ஓர் ஆள் நிற்கும் குழாய்போல, திரை காலோடு ஒட்டிக்கொள்ளும். சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று அமைத்த அறையில் தடுப்பு இராது, கதவு அகலமாக இருக்கும், ஷவரில் உட்காரப் பலகை, சுவரில் பிடிமானக் கம்பி எல்லாம் உண்டு. அப்படிப்பட்ட அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் விரல்விட்டு எண்ணும் அளவே. முன்பதிவு திறந்ததும் போய்விடும். "அப்பா நடப்பார், நாற்காலி ஏர்போர்ட்டுக்கு மட்டும்தான்" என்று மகன் சொல்வார். அப்பாவிடமே பேசுங்கள். ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், வீட்டில் கம்பி பிடித்துத்தான் குளிக்கிறீர்களா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். மருமகள் எதிரில் கேட்டால் உண்மை வராது, தனியாகக் கேளுங்கள்.

அடுத்தடுத்த அறை என்பதில் தொழிலுக்குள்ளேயே குழப்பம் இருக்கிறது. அட்ஜாயினிங் என்றால் பக்கத்து அறை, நடுவில் சுவர். கனெக்டிங் என்றால்தான் நடுவில் கதவு. இந்த இரண்டு சொல்லை மாற்றிப் போட்டதால் நின்றுபோன உறவுகள் நம் தொழிலில் உண்டு. ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் ஒரே வெளிக்கதவுக்குள் மூன்று அறைகள் திறக்கும் அமைப்பே இருக்கிறது. கூட்டுக் குடும்பத்துக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை. கனெக்டிங் கிடைக்காவிட்டால் எதிரெதிர் அறைகள் போதும்: வெளிப்பக்கம் பெரியவர்கள், நடைபாதைக்கு எதிரே உள் கேபினில் இளையவர்கள். செலவும் குறையும், பாட்டி கதவைத் தட்ட நான்கு எட்டு வைத்தால் போதும்.

அருகருகே போடச் சொல்வதற்கு இன்னொரு காரணம் பாதுகாப்பு. ஆபத்துக் காலத்தில் கூடவேண்டிய இடம் கேபினை வைத்தே ஒதுக்கப்படுகிறது. தாத்தா முன்பக்கமும் பேரன் பின்பக்கமும் இருந்தால் இருவருக்கும் வேறு வேறு கூடுமிடம், வேறு வேறு படகு. அந்த நேரத்தில் லிஃப்டும் கிடையாது, படிக்கட்டுதான். 2012இல் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பயணிகளில் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடத்தவேண்டும் என்ற விதி 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 'அறையில் நான்கு பர்த் இருக்கிறதே, கணினி ஏன் மூன்று பேரோடு நிறுத்துகிறது?' என்று நம்மவர்கள் அடிக்கடி கேட்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பகுதிக்கான படகுகளில் இடம் நிரம்பியிருக்கும். கட்டில் காலியாக இருந்தும் படகில் இடமில்லாவிட்டால் விற்கமாட்டார்கள். இதனால்தான் குடும்பத்தை மொத்தமாக முன்கூட்டியே போடவேண்டும். கடைசி நேரத்தில் அத்தையையும் சேர்த்துக்கொள்வோம் என்றால், அத்தைக்கு வேறு தளம்தான்.

விலை குறைத்து வரும் 'கேரன்டி' கேபின்களைப் பற்றி இந்த இதழின் நிலைப்பாடு தெளிவு: மூன்று தலைமுறைக் குடும்பத்துக்கு அதை விற்காதீர்கள். வகையை மட்டும் சொல்லி, எண்ணைக் கப்பல் நிறுவனமே பிறகு போடும் ஏற்பாடு அது. ரயிலில் முதல் வகுப்பு ஏசி போட்டவனுக்குக் கூப்பேயா கேபினா என்பது சார்ட் வந்தபின் தெரிவது போல. தனியாகப் போகிறவனுக்கு லாபம். பாட்டியோடு போகிறவனுக்குச் சூதாட்டம். எண் பார்த்து வாங்குங்கள். டெக் பிளானில் அந்த எண்ணுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே டிஸ்கோ என்றால் இரவு இரண்டு மணிவரை தும்தும். மேலும் கீழும் கேபின்களே இருந்தால் நிம்மதி.

குழந்தைகள் விஷயத்தில் விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பல கப்பல்களில் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றமாட்டார்கள். சிறுவர்களை மட்டும் ஓர் அறையில் போடவும் விடமாட்டார்கள். ஒவ்வொரு அறையிலும் வயதுவந்த ஒருவர் பெயர் வேண்டும். காகிதத்தில் அப்பா ஒரு பிள்ளையோடு, அம்மா இன்னொரு பிள்ளையோடு என்று போட்டு, ஏறியபின் இரு அறைச் சாவிகளையும் இருவருக்கும் வாங்கிக்கொள்வது வழக்கம். அப்புறம் ஒரு சில்லறைச் சங்கதி. ரைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி, ஊதுவத்தி, விளக்கு எதுவும் கேபினில் கூடாது. நம் வீட்டு அம்மாக்களின் பெட்டியில் இதில் குறைந்தது இரண்டாவது இருக்கும். சோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்ளும்போது முகம் வாடுவதைவிட, தில்லியிலேயே சொல்லிவிடுவது மேல்.

இதையெல்லாம் டெக் பிளான் பார்த்தே முழுக்கத் தெரிந்துகொள்ள முடியாது. எந்த எண்ணில் தடுப்பு உயரம், எதில் உயிர்காப்புப் படகு சன்னலை மறைக்கிறது, எங்கே நங்கூரச் சங்கிலி சத்தம் போடுகிறது என்பது போய்வந்த குடும்பங்களுக்கே தெரியும். அவர்களிடம் பயணம் முடிந்ததும் நாம் ஒரு போன் போட்டுக் கேட்பதில்லை. இனியாவது கேளுங்கள். எம்ப்ரஸிலும் சிங்கப்பூர்க் கப்பல்களிலும் முதியவர்களை நீங்கள் தங்கவைத்த கேபின் எண்களையும், அவை எப்படி இருந்தன என்பதையும் ஒரு தாளில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். பயணியின் பெயர் வேண்டாம். மார்ச் முடிவதற்குள் வந்தவற்றைத் தொகுத்து, கோடை முன்பதிவுக்கு முன் ஏப்ரல் இதழோடு தனித்தாளாகத் தருகிறோம்.