பிள்ளைக்குச் சுகமில்லை: வீட்டில் வைத்திருக்கலாமா?

வயலை விட்டு வந்து தங்கியிருக்கும் குடும்பங்களிடையே நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "பாதர், பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்பதாகும். வருத்தத்தின் பெயரைச் சொல்வது வைத்தியரின் வேலை. பெற்றோர் விடை காண வேண்டியது வேறொரு கேள்விக்கு: இந்தப் பிள்ளையை இன்றிரவு வீட்டில் வைத்திருக்கலாமா, கூடாதா? நிவாரணத்தோடு வந்து சேரும் துண்டுப்பிரசுரங்கள் பத்து நோய்களின் பெயரை அச்சிடுகின்றன. இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்வதில்லை. இது எமது நெடுநாளைய மனக்குறை.

நாற்று மஞ்சளித்தால் அது தண்ணீர்க் குறையா, பூச்சியா, உரக்குறையா என்று இலையைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் எமது வாசகர்கள். அந்தக் கண்ணுக்குப் பிள்ளையின் உடம்பில் தெரியும் ஆபத்தும் பிடிபடும் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை.

முதலில் வயிற்றோட்டம். வரம்பு உடைந்தால் உடைப்பை அடைத்துவிட்டே மறுவேலை பார்ப்போம். பிள்ளையின் வயிற்றோட்டத்துக்கு இந்த நியாயம் பொருந்தாது. ஓட்டத்தை நிறுத்தும் குளிசைகள் சிறு பிள்ளைகளுக்கு ஆபத்தானவை. போன நீரையும் உப்பையும் மீண்டும் உடம்புக்குள் சேர்ப்பதே வைத்தியம். "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று வாயைக் கட்டும் வழக்கம் இன்னும் மறையவில்லை. பிள்ளைகளைக் கொல்வது பெரும்பாலும் அந்த வரட்சிதான்.

இதைத் தெளிவாகக் காட்டியது எம்மைப் போல் இடம்பெயர்ந்த மக்களின் அனுபவமே. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இந்தியாவின் மேற்கு வங்கத்துக்கு ஓடிவந்த அகதிகளிடையே கொலரா பரவியது. பொங்காவ் என்ற இடத்தில் பணியாற்றிய வைத்தியர் திலீப் மகலநாபிஸிடம் நரம்பில் ஏற்றும் சேலைன் போதுமானதாக இருக்கவில்லை. உப்பு, சோடா, குளுக்கோசு கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கோப்பையைக் கொடுத்தார். நூற்றுக்கு 25, 30 என்றிருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கியது. அகதி முகாமில் தாய்மாரும் சகோதரரும் கொடுத்த மருந்து அது.

எமது நாட்டில் அது 'ஜீவனி' என்ற பெயரில் கிடைக்கிறது. ஒரு பக்கற்றை முழுவதாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பக்கற், பாதிப் போத்தல் என்று கைக்கணக்கில் கலப்பது பிழை. 24 மணித்தியாலம் கழிந்தால் மிச்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்கவும். ஒவ்வொரு முறை வெளியே போனபின்பும் 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர். மூத்த பிள்ளைக்கு அதன் இரு மடங்கு. சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடரவும். பக்கற் இல்லாத இரவில் ஒரு லீற்றர் நீருக்கு மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சீனி. தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தவே கூடாது. கண் குழிந்து, சலம் குறைந்து, பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தால், அல்லது மலத்தில் இரத்தம் கண்டால் உடனே வைத்தியசாலைக்கு.

இருமலும் தடிமனும் பெரும்பாலும் தாமே மாறும். அதற்கு அயல்வீட்டுப் பிள்ளைக்கு மிஞ்சிய அன்ரிபயோற்றிக் பாணி தேவையில்லை. நியூமோனியாவை அறிய மூச்சை எண்ண வேண்டும். பிள்ளை அமைதியாக இருக்கையில் சட்டையை உயர்த்தி, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணவும். 2 மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40: இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றைக்கே வைத்தியரிடம் காட்டவும். மூச்செடுக்கும்போது விலாவின் கீழ்ப்புறம் உள்ளே இழுபட்டால் எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம். தந்தையரும் இதைப் பழக வேண்டும். மூடை எண்ணத் தெரிந்தவருக்கு மூச்சு எண்ண முடியாதா?

காய்ச்சலில் இன்று எம்மை அதிகம் பயமுறுத்துவது டெங்கு. 2017இல் இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குச் சந்தேகத்தில் பதிவாகினர். 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காய்ச்சலுக்குப் பிள்ளையின் நிறைக்கேற்ற அளவில் பரசிட்டமோல் மட்டுமே, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனக் கொடுத்தால் இரத்தக் கசிவு கூடலாம். இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை அவசியம். காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகப் படுத்துவிடுவது எமது மக்களின் இயல்பு. டெங்குவில் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்றுநோ, தொடர் சத்தி, கைகால் குளிர்தல், சலம் குறைதல் ஆகியவற்றை அந்த நேரத்தில் கவனிக்க வேண்டும். 2 மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு எந்தக் காய்ச்சலும் வைத்தியசாலைக்குரியதே.

ஓதிய தண்ணீர் கொடுப்பதையும், நூல் கட்டுவதையும், மாதாவுக்கு நேர்த்தி வைப்பதையும் நாம் இகழவில்லை. நாமும் மன்றாடுகிறோம். வண்டியில் ஏறிக்கொண்டும் மன்றாடலாம் என்பதே எமது வேண்டுகோள்.

"தாய் கவனிக்கவில்லை" என்று வைத்தியசாலை வாசலில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இதை நாம் ஏற்பதற்கில்லை. அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். போய்வரும் ஓட்டோக் கூலியும் அன்றைய நாட்கூலியும் இலவசமல்ல. வயலை இழந்து மற்றவர் வயலில் கூலிக்கு நிற்பவர் சனிக்கிழமைச் சம்பளம் வரும்வரை பொறுத்துப் பார்ப்பது அலட்சியமாகாது; அது வறுமையின் கணக்கு. ஆகவே ஒவ்வொரு சிறுசேமிப்புக் குழுவும் பிள்ளைகளின் வைத்தியப் பயணத்துக்கென்று ஒரு தொகையைத் தனியே வைக்க வேண்டும். கடனாக அல்ல, உரிமையாக. அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். அந்த எண் எமது பகுதியில் பலருக்கு ஊரை விட்டோடிய ஆண்டு. இப்போது அதையே பிள்ளைகளுக்குப் பாடமாக்க வேண்டியுள்ளது!

நிவாரணம் கொடுப்போருக்கும் ஒரு வார்த்தை. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் கொட்டிலுக்குப் பால்மாப் பெட்டியும் சூப்பிப் போத்தலும் கொண்டு போகாதீர்கள். கொதிநீருக்கு விறகில்லாத இடத்தில் அந்தப் போத்தலே வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். 2004 டிசெம்பர் கடற்கோளுக்குப் பின் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை மக்கள் பாடசாலைகளிலும் கூடாரங்களிலும் நெருங்கிக் கிடந்தபோது எல்லோரும் அஞ்சிய பெருந்தொற்று நோய் வரவில்லை. குளோரின் இட்ட தண்ணீரும், தடுப்பூசி முன்பே ஒழுங்காகப் போடப்பட்டிருந்ததும், சுகாதார ஊழியர்களின் அயராத உழைப்பும் அதற்குப் பெரிதும் உதவின.

மழைக்காலம் வருமுன் இரண்டு ஜீவனிப் பக்கற், ஒரு லீற்றர்ப் போத்தல், பரசிட்டமோல், பிள்ளையின் நிறையும் தடுப்பூசியும் எழுதிய சுகாதாரப் பதிவேடு ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். காணி உறுதி வைத்திருக்கும் பை இருக்குமல்லவா, அதற்குள்ளேயே.