வாட்டில் சிரித்தவள் வீட்டில் ஏன் பேசவில்லை?



இம்முறை நான் எழுதப்போவது நான் செய்த ஒரு பிழையைப் பற்றி.

என் மூத்த மருமகள் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக இருக்கிறாள். 2017ஆம் ஆண்டு நம் நாட்டை டெங்குக் காய்ச்சல் ஆட்டிப் படைத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் 1,80,000க்கும் மேற்பட்டோர் நோயாளிகளாகப் பதிவானார்கள். ஒரு கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு இன்னொருவர் என்று வாட்டுகள் நிரம்பி வழிந்த காலம் அது.

அப்போது ஒரு நாள் நைட் டியூட்டி முடிந்து காலை எட்டு மணிக்கு வந்தாள். கொழும்பிலிருந்து என் மதினி குடும்பத்தோடு வந்திருந்தார். மருமகள் ஸலாம் சொல்லிவிட்டு நேரே உள்ளே போய்விட்டாள். விருந்தாளிகள் முன்னால் எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. குசினிக்குள் கூப்பிட்டுச் சொன்னேன்:

"ஆஸ்பத்திரியில ஊர் ஆக்களோட எல்லாம் சிரிச்சிக் கதைக்கிறீங்க. வீட்டுக்கு வந்தா மட்டும் ஏன் மகள் முகத்தை நீட்டிக்கிறீங்க?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து தேங்காய் துருவினாள். பகல் சாப்பாடு முடியும் வரை நின்று வேலை செய்தாள். இரவு உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"மாமி, விடியச்சாமம் நாலு மணிக்கு ஒரு புள்ள மௌத்தாயிட்டு. நம்மட சின்னவன்ட வயசு."

டெங்கு நோயாளியைப் பார்ப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை அன்றுதான் கேட்டு அறிந்தேன். காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரமாம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். மணிக்கு ஒரு தரம் நாடியைப் பார்க்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், உள்ளே போன நீரையும் வெளியே வந்த சிறுநீரையும் அளந்து எழுத வேண்டும். அந்தப் பிள்ளைக்கு விடிய விடிய அப்படி அளந்து எழுதியவள் என் மருமகள். பிள்ளையின் உம்மா விழுந்து கதறியபோது தாங்கிப் பிடித்தவளும் அவள்தான். அதன் பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய் அடுத்த பிள்ளையின் நாடியைப் பார்த்திருக்கிறாள். ஏழு மணிக்குக் கடமையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் முகத்தைப் பற்றிக் கேட்டேன்!

சகோதரிகளே, நம் குடும்பங்களில் இன்று தாதிகள் இருக்கிறார்கள். குடும்பநல மாதுகள், ஆசிரியைகள், கிராம உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் வரும், ஓய்வூதியம் உண்டு என்று அரசாங்க வேலையின் நலவுகளை நாம் அறிவோம். அந்த வேலை உள்ளத்திலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

எண்ணெய் தீர்ந்த பிறகும் எரியச் சொன்னால் விளக்கில் திரிதான் கருகும். மனிதருக்கும் இது நேர்கிறது என்று 1974ஆம் ஆண்டு எழுதியவர் ஹெர்பர்ட் ஃப்ரொய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயோர்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் அவரோடு வேலை செய்தவர்களிடமும், தன்னிடமுமே அவர் அதைக் கண்டார். 2019ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது. ஒன்று, சக்தியெல்லாம் வற்றிப்போன களைப்பு. இரண்டு, வேலையிலிருந்து மனம் விலகிப்போய் வெறுப்பும் கசப்பும் சேர்வது. மூன்று, எதைச் செய்தும் பயனில்லை என்ற எண்ணம். இதை அந்த ஸ்தாபனம் ஒரு நோயாகக் குறிப்பிடவில்லை. வேலைத்தலத்தில் தீராமல் நீடிக்கும் நெருக்கடியால் வருவது என்றே குறிப்பிட்டது. ஆகவே, "அவளுக்கு மனத்தைரியம் இல்லை" என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருத்தி தலையில் வைத்தால் தைரியசாலியும் தளர்ந்துதான் போவாள். 2020, 2021இல் கொரோனா, 2022இல் மருந்துத் தட்டுப்பாடு என்று நம் வைத்தியசாலை ஊழியர்கள் மூச்சுவிட நேரமில்லாமல் வந்திருக்கிறார்கள்.

தாதிகளின் தொகையைக் கூட்டுவதும், உரிய லீவைக் கொடுப்பதும் அதிகாரிகளின் பொறுப்பு. அதை அவர்களிடம் கேட்கத்தான் வேண்டும். வீட்டில் இருக்கும் நாம் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, தூக்கம். நைட் டியூட்டி முடிந்து வருபவள் "பகல் முழுக்க வீட்டில்தானே" இருக்கிறாள் என்று நினைத்துவிடுகிறோம். நம் உடம்பு வெளிச்சத்தைக் கண்டால் விழிக்கப் பழகியது. பகல் தூக்கம் குறுகியது, சிறு சத்தத்துக்கும் கலைந்துவிடும். ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். பிள்ளைகளை வேறு அறைக்கு அழைத்துப் போங்கள். யாரும் வந்தால், "மகள் தூங்குகிறாள், பிறகு வாருங்கள்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

இரண்டாவது, வந்தவுடன் அரை மணி நேரம். கேஸ் முடிந்ததையும் பிள்ளையின் பாடசாலைக் கடிதத்தையும் வாசலிலேயே சொல்லாதீர்கள். ஒரு பிளேன்டீ கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். சிரித்துக் கதைப்பதும் அவள் வேலையில் ஒரு பங்கு. அழுகையை அடக்கிக்கொண்டு சிரிப்பது எவ்வளவு பாரம் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, கேட்பது. அவள் பேசினால் குறுக்கே புத்தி சொல்லாதீர்கள். "சபூர் செய்யுங்க மகள்" என்று உடனே சொல்லிவிடுகிறோம். நல்ல வார்த்தைதான். ஆனால் பேச்சைத் தொடங்கும்போதே சொன்னால், "இனிப் பேசாதே" என்றுதான் அவள் காதில் விழும். முதலில் முழுவதையும் கேட்போம்.

நான்காவது, வேலைப் பங்கு. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவளுக்கு வீட்டிலும் இன்னொரு வாட்டு காத்திருக்கக் கூடாது. என் மகனுக்குச் சோறு ஆக்கவும் உடுப்புத் தோய்க்கவும் அந்த வருடம்தான் பழக்கினேன். சின்ன வயதில் பழக்காதது என் பிழை.

இவற்றோடு தீராத நிலையும் உண்டு. ஓய்வு நாளிலும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் விருப்பமில்லை, காரணமில்லாமல் அழுகை. இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் போக வேண்டும். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; சிகிச்சையால் சுகப்படுத்தக்கூடியது. "நான் இல்லாமல் போனால் நல்லது" என்று ஒரு வார்த்தை வந்தால் அவளைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே உதவி தேடுங்கள். தாதிகளுக்கு மருந்து தெரியும் என்பதால் தாங்களே தூக்கக் குளிசை எடுத்துப் போடுவதும் நடக்கிறது. அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

மனநல வைத்தியரிடம் போவதென்றால் "அங்கொடைக்குப் போற கேஸ்" என்று கேலி பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கேலிக்குப் பயந்தே எத்தனை பேர் வாய் திறப்பதில்லை! அதே அங்கொடைத் தேசிய மனநல நிறுவகம்தான் 1926 என்ற இலக்கத்தில் தொலைபேசி மூலம் உதவுகிறது. தன்னுடைய ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று தயங்குபவள் வீட்டிலிருந்தே பேசலாம். 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பும் பெயர் ஊர் கேட்காமல் காது கொடுக்கிறது.

என் மருமகள் இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறாள். சில காலைகளில் பேசாமல்தான் வருவாள். நான் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

"ராவு எப்படி மகள்?"

சில நாள் பதில் வரும். சில நாள் வராது. வராத நாளில் அவளுடைய அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு, பேரப்பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்துப் போவேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மகள், மருமகள், மதினி இருக்கலாம். நாளைக் காலை அவள் கடமை முடிந்து வரும்போது என்ன கேட்கப் போகிறீர்கள்?