கைப்பேசி வழி வந்த கொத்தடிமை

1923-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் நாளைக் கொண்டாடினார். எட்டு மணிநேர வேலை என்பது உலகத் தொழிலாளர் குருதி சிந்திப் பெற்ற உரிமை. நூறாண்டு கழிந்து, 2023 ஏப்பிரலில், பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே முதல் நாளன்றே அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நன்று! ஆயின், எந்த மன்றத்திலும் ஒரு கையும் உயராமலே, அதே பன்னிரண்டு மணிநேரம் கைப்பேசி வழியே வீட்டுக்குள் நுழைந்துவிட்டதே! அதனை எதிர்த்தெழுந்த குரல் எங்கே?

பழைய மாமல்லபுரச் சாலைக் கணிப்பொறி நிறுவனங்களிலிருந்து மாலையில் இளைஞர் வீடு திரும்புகின்றனர். உடல் திரும்புகின்றது, ஏவல் விட்டபாடில்லை. உண்கலத்தில் கைவைக்கும்போது மேலாளரின் செய்தி வந்து மணியடிக்கும். அமெரிக்காவில் பொழுது விடிந்தால் இங்கே உறக்கம் போயிற்று. பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பவும் இயலாது. பார்த்ததைப் புலனத்தின் நீலக்குறி காட்டிக்கொடுத்துவிடும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மிகைநேர உழைப்புக்கு இருமடங்குக் கூலி வகுத்தது. இந்த நள்ளிரவு விடையிறுப்புக்குக் கூலி என்ன? ஒரு காசும் இல்லை!

இக்கருவிகளுள் பெயர்பெற்றது சிலாக்கு என்பது. 2013-இல் வெளிவந்தது, 2021-இல் சேல்சுபோர்சு நிறுவனம் ஏறத்தாழ 2,770 கோடி தாலருக்கு அதனை வாங்கிற்று. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குத் தளர்வு என்பது பொருளாம். நுகத்தடிக்குத் தளர்வு என்று பெயர்! இதனினும் பெரிய நகை வேறுண்டோ? 2018-இலோ, உரிய கட்டணம் கட்டும் நிறுவனத் தலைமை, பணியாளர் இருவர் தமக்குள் பேசிய தனிச்செய்திகளையும் அவர்க்கு அறிவியாமலே படியெடுத்துக்கொள்ள அக்கருவியில் வழிசெய்யப்பட்டது. ஆலை வாயிலில் தேநீர் அருந்திக்கொண்டே பேசிய பேச்சு காற்றோடு போயிற்று. இப்பேச்சோ முதலாளியின் பேழைக்குள் போகின்றது.

விரைவும் எளிமையும் வேண்டாவோ என்பர் சிலர். வேலை நேரத்தில் வேண்டும், யார் மறுத்தார்? அறிவியலைப் பழிப்பதன்று இவ்வுரை. அக்கருவியை அடக்கவும் கருவி உண்டு. செருமனியின் வோல்க்சுவாகன் நிறுவனம், தொழிலாளர் பேராளர் வற்புறுத்தலால், 2011-இலேயே வேலை முடிந்து அரைமணியில் பணியாளர் கைப்பேசிக்கு மின்னஞ்சல் செல்வதை நிறுத்திற்று. வண்டிகள் உருளாமல் நின்றுவிடவில்லை. பிரான்சில் ஒரு நோயாளர் ஊர்தி ஓட்டுநர், வேலைநேரத்துக்கு வெளியே தம் சொந்தக் கைப்பேசி அழைப்பை எடுக்கவில்லை என்று நீக்கப்பட்டார். அது குற்றமாகாது என 2004-இல் அந்நாட்டுத் தலைமை வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. 2017 முதல், ஐம்பதின்மரும் அவர்க்கு மேற்பட்டோரும் பணிசெய்யும் நிறுவனங்கள், தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்துத் தொழிலாளரோடு பேசியாக வேண்டும் என்பது அங்கே சட்டம். போர்த்துக்கல் 2021-இலும் ஆத்திரேலியா 2024-இலும் சட்டஞ்செய்தன.

இந்தியாவில்? 2018-இல் மக்களவையில் சுப்ரியா சுலே தனியுறுப்பினர் முன்வரைவாக இதனைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. பன்னிரண்டு மணிநேரத்தைப் பத்தே நாளில் விரட்டிய தமிழ்நாட்டுத் தொழிற்சங்கங்கள் இதனைக் கையிலெடுக்கட்டும். இரவுச் செய்திக்கு விடையிறாமையால் வேலையிழக்கும் முதற் பணியாளர்க்காக வழக்குமன்றம் ஏறட்டும்.