பைப்புக்கு முன்னாடி ஜெட்டைப் பாருங்க

யமஹா பான்ஷீ தெரியுமா? அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை விற்ற ஏடிவி. 347 சிசி, ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். வாங்கினவங்க பலரும் முதல்ல கை வைப்பது சைலன்சரில்தான். ஆசை நியாயமானதே. எக்ஸ்பான்ஷன் சேம்பர் வெறும் சத்தத்துக்கு இல்லை. அதில் மோதித் திரும்பும் அழுத்த அலை, வெளியே தப்பிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள்ளே தள்ளும். பவர் கூடும்.

ஆனா இப்போ இன்ஜின் அதிகக் காற்றை இழுக்கும். மெயின் ஜெட் பழைய அளவிலேயே இருந்தா பெட்ரோல் பத்தாது. (நாம பரீட்சைக்கு வரைஞ்சு மறந்த காற்று-எரிபொருள் விகிதம்தான்!) பான்ஷீயில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் வரும். பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும். சூடு ஏறுற நேரத்தில் வழவழப்பு போனா பிஸ்டன் சீஸ் ஆகும். ஃபுல் திராட்டிலில் பின்சக்கரம் லாக் ஆனா ஓட்டுறவர் கதி?

அதனால என் ஓட்டு அந்தச் சின்னப் பித்தளை ஜெட்டுக்குத்தான். பெரிய ஜெட்டில் ஆரம்பிச்சு, பிளக்கைக் கழற்றிப் பாருங்க; பீங்கான் வெளுத்திருந்தா இன்னும் பத்தல. போர்ட்டை அரம் போடுறது கடைசி வேலை. எக்ஸ்ஹாஸ்ட் போர்ட்டை உயர்த்தினா மேல் ஆர்பிஎம்ல பவர் வரும், கீழே இழுவை குறையும். மணல் மேட்டுக்கு ஓகே, காட்டுப் பாதைக்கு வேண்டாம்.