கையின் பலமும் இரத்த அழுத்தமும்

"பிறசர் இருக்கு, பாரமான வேலை ஒன்றும் செய்யக்கூடாது." நாற்பதைத் தாண்டிய விவசாயிகள் பலர் இப்படிச் சொல்லிக்கொண்டு திண்ணையில் அமர்ந்துவிடுகிறார்கள். பிள்ளைகளும் அதையே அன்பென்று எண்ணி வாளியைக்கூடத் தூக்க விடுவதில்லை. இந்த அன்பு பாதி சரி, பாதி பிழை என்பதே எனது கருத்து.

1990 இல் இருபது வயதில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய ஒருவர் இன்று ஐம்பதைத் தாண்டியவர். செம்மண் தோட்டத்தில் கொத்தி, சாறி, வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிய உடல் அது. காணி போனபோது வருமானம் போனதைக் கணக்கெடுத்தோம். அந்த உடல் உழைப்பும் கூடவே போனதை எவரும் படிவத்தில் எழுதவில்லை. வேலையற்ற தசை வயதோடு இன்னும் வேகமாகக் கரையும். போதாததற்குக் கவலை, நித்திரையின்மை, கருவாடும் ரின் மீனும் தரும் உப்பு. இவற்றுக்கிடையில் அழுத்தம் ஏறுவதில் வியப்பில்லை.

2015 இல் வெளியான ஓர் ஆய்வில், 17 நாடுகளைச் சேர்ந்த, 35 முதல் 70 வயது வரையான ஏறக்குறைய 1,40,000 பேரின் கைப்பிடிப் பலத்தை அளந்து சில ஆண்டுகள் கவனித்தார்கள். பிடி 5 கிலோ குறைவாயிருக்கும் ஒவ்வொரு படிக்கும் மரண ஆபத்து சுமார் 16 சதவீதம் கூடியிருந்தது. அதை முன்னறிவிப்பதில் இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைவிடக் கைப்பிடியே முந்திநின்றது! பலவீனம் நோயைக் கொண்டுவருகிறதா, உள்ளிருக்கும் நோய் கையில் தெரிகிறதா என்பதை இவ்வாய்வு தீர்த்துவைக்காது. ஆயினும் தசையைப் பழக்கினால் அழுத்தம் இறங்குகிறது என்பது வேறு பல பரிசோதனைகளில் தெளிவாகியுள்ளது. வயது போய்விட்டதே என்பாருக்கு ஒன்று: 1990 இல் பொஸ்ரன் நகரில் தொண்ணூறு வயதளவிலான முதியோர் எட்டு வாரப் பயிற்சியில் தங்கள் கால் பலத்தை இரு மடங்குக்கு மேல் கூட்டிக்கொண்டார்கள்.

இதற்குப் பணம் வேண்டியதில்லை. துணியொன்றைச் சுருட்டி, முழுப் பலத்தில் மூன்றிலொரு பங்கு மட்டும் கொடுத்து, 2 நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். சற்று ஆறி, நான்கு தடவை. வாரத்தில் மூன்று நாள் போதும். மூச்சை மட்டும் அடக்க வேண்டாம். அடக்கினால் அழுத்தம் அந்நேரமே எகிறும்.

இதைவிட நல்லது மண்வெட்டிதான். இடம்பெயர்ந்தோருக்குத் திட்டம் தீட்டுவோர் அரிசியையும் கூரைத் தகட்டையும் எண்ணுகிறார்கள். கொத்துவதற்கு இரண்டு பரப்பு நிலத்தை எண்ணுவதில்லை. நிலத்தை உணவுக்காக மட்டுமன்றிச் சுகத்துக்காகவும் கேட்கலாம். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் பிரதேச செயலாளரிடம் அப்படியே எழுதிக் கொடுக்கட்டும்.

முதலில் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். அரச மருத்துவமனையில் இது இலவசம். 140/90 அல்லது அதற்கு மேலென்றால் திரும்பவும் அளந்து உறுதிப்படுத்த வேண்டும். 180/110 அளவில் நிற்பவரும், நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ உள்ளவரும் வைத்தியரைக் கேளாமல் மண்வெட்டியைத் தொடக்கூடாது. கை பலத்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். குறைப்பதா இல்லையா என்பதை அடுத்த கிளினிக்கில் வைத்தியர் அளந்து பார்த்துச் சொல்வார்.