விலைக்கு வாங்கிய திட்டப்பணி

பங்குனி பிறந்துவிட்டால் தமிழகத்துப் பொறியியற் கல்லூரிகளின் வாயிலிலுள்ள படியெடுப்புக் கடைகள் இரவெல்லாம் விழித்திருக்கின்றன. இறுதியாண்டு மாணவர் கூட்டங் கூட்டமாய் நின்று, தடித்த அட்டையும் பொன்னெழுத்தும் உடைய ஏடுகளைக் கட்டடம் செய்து வாங்குகின்றனர். நான்காண்டுக் கல்வியின் கனி அவ் வேடு. திட்டப்பணி என்பது அதன் தமிழ்ப் பெயர். மாணவர் வாயிலோ அது 'புராசக்ட்டு'. பெயர் வேற்றுமொழியதாயினும் ஆகுக! உள்ளிருப்பதேனும் அவர்தம் உழைப்பா என்று பார்க்கப் புகுந்தால்தான் நெஞ்சு வேகின்றது.

அவ் வாய்மொழித் தேர்வுக் காட்சியைச் சற்றே எண்ணிப் பார்க்க. நால்வர் கொண்ட குழு நிற்கின்றது. மேசைமேல் ஒரு மின்சுற்றுப் பலகை. இரண்டு முள்ளுடைய ஓர் உணரி. ஒரு குவளை நீர். விளையாட்டுப் பொருள் போன்ற ஒரு சிறு நீரிறைப்பி. மண்ணின் ஈரத்தைத் தானே அளந்து, ஈரம் குறைந்தவுடன் பயிருக்குத் தானே நீர் பாய்ச்சும் கருவியாம் அது! உணரியை வெளியில் வைத்தால் நீரிறைப்பி ஓடுகின்றது. குவளை நீரில் தோய்த்தால் நிற்கின்றது. புறத்தேர்வாளர் தலையசைக்கின்றார். பின்னர், "இந்த முள் எதனை அளக்கின்றது?" என்று வினவுகின்றார். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். ஒருவன் நெட்டுருச் செய்த ஆங்கில வரிகள் நான்கை ஒப்பிக்கின்றான். வினாவிற்கும் அவ் வரிகளுக்கும் தொடர்பில்லை. எனினும் மாலைக்குள் இன்னும் பல குழுக்களைத் தேர்ந்தாக வேண்டுமே! மதிப்பெண் விழுகின்றது, பட்டம் உறுதியாகின்றது.

அந் நால்வருள் ஒருவன் உழவர் மகன். அவன் கல்லூரிக் கட்டணத்திற்காகத் தாயின் நகை இன்னும் அடகுக் கடையில் கிடக்கின்றது. கருவியை அவன் வீட்டிற்குக் கொண்டு செல்கின்றான். தந்தை கையைத் துடைத்துக்கொண்டு ஆவலோடு வருகின்றார். "என்னப்பா செஞ்சிருக்க? நம்ம கொல்லைக்கு ஆவுமா?" என்று கேட்கின்றார். "அதெல்லாம் உனக்குப் புரியாதுப்பா" என்று சொல்லி மகன் உள்ளே போய்விடுகின்றான். உண்மையில் புரியாதது தந்தைக்கன்று, மகனுக்கு! ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்துப் பார்த்து, "இன்னும் இரண்டு நாள் தண்ணி வேணாம்" என்று சொல்லவல்ல அவ் வுழவர்க்கு மண்ணீரம் விளங்காத பொருளா?

இதற்காகவா எட்டாம் பருவத்தைத் திட்டப்பணிக்கென்று ஒதுக்கினர்? மூன்றரை ஆண்டுகள் பிறர் கண்ட உண்மைகளைக் கற்றவன், இனித் தானே ஒரு சிக்கலைத் தேர்ந்து, தானே தட்டுத் தடுமாறி, தானே ஒரு விடை காண வேண்டும் என்பதன்றோ அதன் நோக்கம்! வழிகாட்ட ஓர் ஆசிரியர், இடையிடையே மதிப்பாய்வுகள், முடிவில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர். அமைப்பில் குறையில்லை. அவ் வமைப்பினுள் உயிர்தான் இல்லை.

பெருநகர்களிலும் கல்லூரிகள் மலிந்த ஊர்களிலும் திட்டப்பணி விற்கும் கடைகள் வெளிப்படையாகவே நடக்கின்றன. தலைப்புப் பட்டியலில் விரலை வைத்தால் போதும். கருவி, நிரல், ஏடு ஆகிய மூன்றும் கைக்கு வந்துவிடும். வாய்மொழித் தேர்வில் என்ன சொல்வது என்பதற்குப் பயிற்சியும் உண்டு. சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மேசையில் நின்ற கருவி இவ் வாண்டு வேறொரு கல்லூரி மேசையில் நிற்கும். இப்பொழுதோ கடைக்குச் செல்லும் தொல்லையுங்கூட இல்லை. செய்யறிவுப் பொறியிடம் தலைப்பைச் சொன்னால் நூறு பக்க ஏட்டை அது நொடிகளில் எழுதித் தருகின்றது. ஏடு பிறர் ஏட்டோடு எத்துணை ஒத்திருக்கின்றது என்று காண மென்பொருள் வைத்திருக்கின்றனர். அம் மென்பொருள் சொல்லும் சொல்லும் ஒத்தலைக் காணும். சொன்னவனுக்கும் சொல்லுக்கும் உறவுண்டா என்பதை எங்ஙனம் காணும்?

பழி முழுவதையும் மாணவன் தலையில் ஏற்றுவது நயனன்று. அதே பருவத்தில்தான் வேலைக்கான நேர்காணல்களும் பயிற்சிகளும் அவனைத் துரத்துகின்றன. ஓர் ஆசிரியரிடம் பல குழுக்கள். அவர்க்கோ பாடச் சுமையும் அலுவற் சுமையும். கடையிலிருந்து வந்த கருவி என்று அறிந்தும் வாளாவிருக்கும் ஆசிரியரும் உளர். மாணவர் தேர்ச்சி விழுக்காடு குறையலாகாது என்பது கல்லூரியின் கவலை. மகன் எப்படியேனும் பட்டம் பெற்றால் போதும் என்பது பெற்றோர் கவலை. எல்லாரும் சேர்ந்தே இப் பொய்யைத் தாங்கி நிற்கின்றனர்.

ஆயினும் இவை எல்லாவற்றிற்கும் அடியில் இரண்டு வேர்கள் உள்ளன. ஒன்று, சிக்கல் அவன் மண்ணினின்று எழவில்லை. மற்றொன்று, எண்ணம் அவன் மொழியில் நிகழவில்லை. பள்ளியில் தமிழ்வழியிற் பயின்று வந்தவன் கல்லூரியில் ஒரே நாளில் ஆங்கிலத்திற்குள் தள்ளப்படுகின்றான். புரியாததை நெட்டுருச் செய்வது அன்று தொடங்குகின்றது. நெட்டுருவாலேயே ஏழு பருவங்களைக் கடந்தவனை எட்டாம் பருவத்தில், "இனி நீயே எண்ணு" என்றால் அவன் எதனைக் கொண்டு எண்ணுவான்? எண்ணுதற்குரிய மொழியைப் பறித்துவிட்டு எண்ணம் இல்லையே என்று வருந்துவது, விதையை அவித்து விதைத்துவிட்டு முளைக்கவில்லையே என்று வானத்தை நோவது போன்றதன்றோ!

அதே மண்ணீரக் கருவியை அம் மாணவன் மெய்யாகவே தன் தந்தையின் கொல்லையில் ஊன்றியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? சில கிழமைகளிலேயே முள் அரித்துப் போயிருக்கும். நேர்மின்னோட்டம் ஈர மண்ணினூடே இடையறாது பாய்ந்தால் மின்பகுப்பு நேர்ந்து, நேர்முனையிலுள்ள செம்பு கரையும். கரையவே அளவு பொய்க்கும். எரு இட்ட இடத்தில் உப்பு மிகும். உப்பு மிக்க இடத்தில் மின்னோட்டம் எளிதிற் பாய்வதால், காய்ந்த மண்ணையும் ஈரமண் என்று கருவி சொல்லும். செம்மண்ணுக்குச் சரியாய் அளந்த கருவி கரிசலில் பிழைபடும். அப்பொழுதுதான் அவனுக்கு வினாக்கள் பிறந்திருக்கும். மின்னோட்டத்தை அளக்கும் நொடியில் மட்டும் பாய்ச்சினால் என்ன? மண்ணைத் தொடாமல், காப்பிட்ட தகட்டைக் கொண்டு மண்ணின் மின்தேக்குத் திறத்தை அளந்தால் என்ன? மின்புலத்தில் நீர் காட்டும் பண்பெண் ஏறத்தாழ 80. காய்ந்த மண் காட்டுவதோ 3 முதல் 5 வரை. இவ் வேறுபாடு ஒன்றே அம் முறைக்கு அடிப்படை. கருவி சொல்வது மெய்யா என்று காணப் பெருஞ்செலவும் வேண்டா. ஒரு பிடி மண்ணை நிறுத்து, 105 பாகை வெப்பத்தில் ஒரு நாள் உலர்த்தி, மீண்டும் நிறுத்தால் போன எடை எவ்வளவோ அவ்வளவே நீர். இவ் வளவையும் தந்தை உருண்டை பிடித்துச் சொன்ன மதிப்பையும் கருவி காட்டிய எண்ணையும் ஒரே ஏட்டில் மூன்று பத்தியாய் எழுதி வந்திருந்தால், அதுவன்றோ ஆய்வு! குவளை நீரில் வென்ற கருவி ஒன்றும் கற்பிக்கவில்லை. கொல்லையில் தோற்ற கருவி ஒரு பொறியாளனையே ஆக்கியிருக்கும்.

மாணவன் ஒருவனுடைய இறுதியாண்டு ஆய்வு மண்ணை நோக்கி நின்றால் எத்துணை உயரும் என்பதற்குச் சப்பானிய நாட்டில் ஒரு சான்றுண்டு. தலைநகர் தோக்கியோவிற்கு மாறியபின் கியோத்தோ நகர் பொலிவிழந்தது. மலைக்கு அப்பால் பிவா என்னும் பேரேரி நீர் நிறைந்து கிடந்தது. அந் நீரை மலை குடைந்து கியோத்தோவிற்குக் கொணரும் வழியைத் தனாபே சகுரோ என்னும் மாணவர் தம் பட்ட ஆய்விற்குப் பொருளாகக் கொண்டார். வலக்கை புண்பட்ட நிலையில் இடக்கையால் எழுதியும் வரைந்தும் அதனை முடித்தார். 1883இல் பட்டம் பெற்றார். அந் நகரின் ஆளுநர் அவ் விளைஞரையே அப் பணிக்கு அமர்த்தினார். 1885இல் தொடங்கிய கால்வாய் 1890இல் நிறைவெய்தியது. அடுத்த ஆண்டே அந் நீரால் மின்னாற்றல் பிறந்தது. 1895இல் கியோத்தோ தெருவில் மின்வண்டி ஓடியது. ஒரு மாணவரின் ஏடு ஒரு நகரை உயிர்ப்பித்தது.

அவர் பயின்ற கல்லூரியில் அந் நாளிற் பாடம் நடந்தது ஆங்கிலத்தில்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், அதனை மறைக்க வேண்டா. ஆனால் சப்பானியர் ஆங்கிலத்தை ஏணியாகக் கொண்டனர், வீடாகக் கொண்டிலர். ஏறியபின் உயர்கல்வியைத் தம் மொழிக்கு மாற்றிக்கொண்டனர். இன்று சப்பானிய மாணவன் நான்காம் ஆண்டில் செய்யும் பட்ட ஆய்வு பெரும்பாலும் சப்பானிய மொழியிலேயே எழுதப்படுகின்றது. இதனின்று பெறும் பாடம் இரண்டு. மண்ணை மறந்து மொழியை மட்டும் மாற்றினால், ஆங்கிலப் பொய்யேட்டிற்குப் பகரம் தமிழ்ப் பொய்யேடு கிடைக்கும், அவ்வளவே. மண்ணை நினைந்து மொழியை மறந்தாலோ, ஆயிரத்தில் ஒருவர் உயர்வர், எஞ்சியோர் ஊமையராவர். இரண்டும் கூடல் வேண்டும்.

தமிழகத்திலேயே இக் கூட்டத்திற்கு ஒரு சான்றுண்டு. 1950களில் குரோம்பேட்டைச் சென்னைத் தொழில்நுட்பப் பயிலகத்தில் வானூர்திப் பொறியியல் பயின்ற அப்துல் கலாமுக்கும் தோழர் நால்வர்க்கும், தாழப் பறந்து தாக்கும் வானூர்தி ஒன்றை வடிவமைக்கும் பணி தரப்பட்டது. பணி பின்தங்கியது கண்ட பேராசிரியர் சீனிவாசன், ஒரு திங்கள் தவணை கேட்ட கலாமுக்கு மூன்றே நாள் தந்தார். முடியாவிடில் கல்வி உதவித்தொகை நிற்கும் என்றார். கலாம் உணவையும் உறக்கத்தையும் துறந்து வரைபலகை முன் நின்று அதனை முடித்தார். இக் கதையைப் பலரும் அறிவர். பலரும் மறந்த மற்றொன்றையும் அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அப் பயிலகத்துத் தமிழ்ச்சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் வானூர்தியை நாமே செய்வோம் என்னும் கருத்தைத் தமிழில் எழுதி முதற்பரிசு பெற்றார். பரிசை வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். மூன்று நாளில் வரைந்த கையும் தமிழில் எழுதிய கையும் ஒரே கை. செய்த பணியைத் தாய்மொழியில் எடுத்துரைக்க வல்லவனுக்கே அப் பணி தன்னுடையதாகின்றது.

தமிழில் செய்தால் வேலை கிடைக்குமா என்பது எப்பொழுதும் எழும் வினா. வேலைக்கு நேர்காணும் எவரும் மாணவனிடம் கேட்கும் முதல் வினாக்களுள் ஒன்று, "நீ என்ன திட்டப்பணி செய்தாய்?" என்பதே. விலைக்கு வாங்கியவன் எம் மொழியிலும் வாய்திறவான். தன் மொழியில் தெளிந்தவனோ அத் தெளிவை ஆங்கிலத்தில் சொல்லச் சில திங்களிற் பழகிக்கொள்வான். தெளிவில்லாத ஆங்கிலம் கிளிப்பேச்சு; கிளியை எவரும் வேலைக்கு அமர்த்துவதில்லை.

கலைச்சொல் இல்லையே என்பது மற்றொரு தடை. 1847இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தையே தமிழிற் பயிற்றி, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அயலவர் ஒருவர்க்குக் கிடைத்த சொல் தமிழர்க்குக் கிடைக்காதா? அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டிலேயே கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் பயிற்றத் தொடங்கியது. வாயில் திறந்தே இருந்தும் உள்ளே செல்வோர் சிலரே. சொல் இல்லை என்பது காட்டும் கரணியம். துணிவில்லை என்பதே உண்மைக் கரணியம்.

செய்ய வேண்டுவன அரியன அல்ல. சிக்கல் மாணவன் வாழும் ஊரினின்றே எடுக்கப்படுக. ஏரி மதகு, எரிந்துபோகும் நீரிறைப்பி, கைத்தறியின் ஓசை, உப்பளத்துத் தொழிலாளியின் கண்ணைக் கூசவைக்கும் வெயில் என எத்தனை இல்லை! அன்றாடக் குறிப்பேடு தமிழில் எழுதப்படுக. அதனில் தோல்விகளும் நாளிட்டுப் பதியப்படுக. தோல்விக்கும் மதிப்பெண் உண்டென்று விதி செய்யப்படுக. மாணவர் திட்டப்பணிகளுக்குப் பொருளுதவி செய்யும் திட்டமொன்றைத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் நடத்தி வருகின்றது. அதனை ஆசிரியர் ஒவ்வொரு குழுவிற்கும் எடுத்துரைப்பாராக. முடிந்த பணி நிலைப்பேழையில் உறங்காமல், அடுத்த ஆண்டு மாணவர் கையில் தொடர்ந்து வளர்க. எல்லாவற்றினும் மேலாக, வாய்மொழித் தேர்வு நாளில் அச் சிக்கலோடு வாழும் ஒருவர், உழவரோ நெசவாளரோ மீனவரோ, தேர்வாளர் அருகில் அமர்த்தப்படுக. அவர்க்கு விளங்குமாறு தமிழில் பத்து நிமையம் பேசவல்லவனே தேர்ந்தவன் என்க.

அவ் வமைப்பு வருங்காறும் காத்திருக்க வேண்டுவதில்லை. தேர்வாளர் ஒருவர் ஒவ்வொரு மாணவன் வீட்டிலும் முன்பே இருக்கின்றார். "என்னப்பா செஞ்சிருக்க?" என்று அவர் கேட்கும் வினாவினும் கடிய வினா எப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. அதற்கு அவர் கண்ணைப் பார்த்து, அவர் மொழியில் விடைகூற வல்லவன் எவனோ அவனே பொறியாளன். கூறமாட்டாதவன் கையில் இருப்பது பொன்னெழுத்துப் பொறித்த அட்டை மட்டுமே!